ஐந்தாவது குதிரை

குடை ராட்டினம் புதிய பூங்காவுக்கு வந்து இறங்கியதும் குதிரைகளைச் சுரண்டிப் பெயிண்ட் அடிப்பது சந்தனமாரியின் வேலை. ஊருக்கு ஒரு நிறம். மேலே இருந்த மஞ்சள் கரூரில் அடித்தது. அதற்கடியில் பாலக்காட்டுப் பச்சை, அதற்கும் அடியில் தூத்துக்குடி நீலம். குதிரைகள் நீலமாக இருந்த வருஷம்தான் அவள் அய்யாத்துரையைக் கட்டிக்கொண்டு வந்தாள். அதற்குக் கீழே அவள் சுரண்டியதில்லை. இந்த முறை ஐந்தாவது குதிரையின் கழுத்தில் நீலம் தகடாகப் பெயர்ந்து வந்துவிட்டது. உள்ளே சிவப்பு. சிவப்பின் மேல் வெள்ளையில், புருஷனின் கையெழுத்தில், லில்லி.

"யாரு இது, லில்லி?"

"குதிரைக்கு வச்ச பேருடி."

"அப்போ மத்த பதினோரு குதிரைக்கும் என்ன பேரு?"

அவன் மோட்டாரைப் பார்க்கப் போய்விட்டான்.

ஒவ்வொரு தடவையும் அந்தக் கழுத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் அவன் சுவிட்சைப் போடுவான். ஒன்பது வருஷமாக அதைத் தொழில் பக்தி என்று அவள் நினைத்திருந்தாள். திறப்பு நாளில், கூட்டம் உள்ளே நுழையும் நேரம் பார்த்து, பெயர் மறையக் கறுப்புப் பெயிண்டை அப்பினாள். ஈரம் என்று அவனிடம் சொல்லவில்லை. கை அங்கே போகிறதா என்று பார்க்கத்தான்.

போனது. கறுத்த உள்ளங்கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டான். ராட்டினம் சுற்றியது. சுற்றுக்கு ஒருமுறை அவளைக் கடந்து போன அந்தக் கழுத்தில், லில்லியின் மேல், கறுப்பு ஒட்டிக்கொண்டு போன இடத்தில், அவனுடைய ஐந்து விரல்களும் அடிச் சிவப்பாகக் காய்ந்துகொண்டிருந்தன.