மாடியில் நின்ற கார்

"கார் மாடியில இருக்கு. லிஃப்ட் எங்கய்யா?"

முதலாளி நிதானமாகத்தான் கேட்டார். கத்தியிருந்தால்கூட மேனேஜருக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். காரை ஏற்றி இறக்குகிற லிஃப்ட் இருந்த இடத்தில் கீழேயிருந்து மேல்வரைக்கும் வெறும் ஓட்டைதான் மிச்சம். அதை இருவரும் ஒரு முறை அண்ணாந்து பார்த்துக்கொண்டார்கள்.

ஷோரூம் மொத்தமும் புறவழிச் சாலைக்குக் குடிபோய்விட்டது. நாற்காலி, மேஜை, தண்ணீர் கேன்வரை போய்ச் சேர்ந்தாயிற்று. முதல் மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற சிவப்புக் கார் மட்டும் பாக்கி. "மேம்பாலத்துல போறவன் அதைப் பார்த்துத்தான் உள்ள வர்றான், கடைசி நாள் வரைக்கும் நிக்கட்டும்" என்று முதலாளிதான் நிறுத்தி வைத்திருந்தார். காரை இறக்கிய பிறகு லிஃப்டைக் கழற்ற வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் புரிகிற விஷயம்.

"நேத்து நான் புது ஷோரூம்ல இருந்தேன் சார். லிஃப்ட்காரர் முன்னாடியே வந்து கழட்டிட்டார் போல."

"நீ சொல்லாம வருவாரா?"

"கடைசியா கழட்டுங்கன்னுதான் சொன்ன ஞாபகம்."

"ஞாபகம்." முதலாளி அந்த ஒரு வார்த்தையைத் திருப்பிச் சொன்னார், அவ்வளவுதான்.

மேனேஜருக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. சாமான் ஏற்றுகிற அமளியில் யாரிடம் எதைச் சொன்னோம் என்று தலைகால் புரியாமல் ஓடிக்கொண்டிருந்த வாரம் அது. லிஃப்ட்காரருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. கழற்றிய இரும்பெல்லாம் துண்டு துண்டாக வாசலில் கிடந்தது. அதைத் திரும்ப மாட்டுவது நடக்கிற காரியமில்லை.

இடத்தை வாங்கி அடுக்குமாடி வீடுகள் கட்டப்போகிற கம்பெனியின் இன்ஜினீயர், தலையில் ஹெல்மெட்டோடு பக்கத்திலேயே நின்றிருந்தார். இடிக்கிற இயந்திரமும் வாசலில் தயாராக நின்றது.

"கார் இறங்காம நான் ஒரு செங்கல்லைக்கூடத் தொட முடியாது," என்றார். "முன்பக்கக் கண்ணாடியை எடுத்துட்டு, கிரேன் வச்சுத்தான் தூக்கணும். பெரிய கிரேன் கிடைக்குமா?"

மேனேஜருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "என் மச்சான்கிட்ட இருக்கு. இந்தப் பக்கத்துல அவ்வளவு பெரிசு அவர் ஒருத்தர்தான் வச்சிருக்கார்."

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். வேலை என்று சொன்னால் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் ஓடி வருகிற ஆள். அவர் இன்றைக்கென்று பார்த்துப் போனில் இழுத்தார்.

"அடடா, வண்டி வேற இடத்துல மாட்டிக்கிச்சே மாப்ளே. மாசக் கடைசியிலதான் ஃப்ரீ ஆகும்."

"என் பொழப்பே போயிடும் மச்சான்."

"ஒண்ணும் போகாது. பதறாம இருங்க."

சொல்கிறவருக்கு என்ன. முதலாளி சட்டைப்பையிலிருந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்துக் காட்டினார்.

"புது ஷோரூம் பொறுப்பை இன்னைக்கு உன்கிட்ட ஒப்படைக்கறதா இருந்தேன். முதல்ல கார் இறங்கட்டும். அப்புறம் யோசிக்கலாம்."

வருஷக்கணக்காக மேனேஜர் காத்திருந்த சாவி, வந்த வழியே பைக்குள் போனது. இயந்திரமும் வந்த வழியே திரும்பிப் போனது.

வீடு ஷோரூமுக்கு நேர் பின்னால். நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தச் சுவரை ஒட்டிய அறையில்தான் மகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். போன வாரம் மனைவி கேட்டிருந்தாள், "பாப்பா பரீட்சை முடியற வரைக்கும் இடிக்காம இருக்கச் சொல்லுங்களேன். அந்தச் சத்தத்துல எப்படிப் படிப்பா?"

"அது என்ன என் அப்பன் வீட்டுச் சொத்தா? ஆபீஸ் விஷயத்துல தலையிடாதே," என்று எரிந்து விழுந்தார் அவர். உண்மையில் முதலாளியிடம் கேட்கப் பயம். சாவி கைக்கு வருகிற நேரத்தில் சலுகை கேட்டுப் போய் நிற்க அவருக்கு வாய் வரவில்லை.

இப்போது சாவியும் இல்லை. செருப்பைக் கழற்றியபோது வீடு அமைதியாக இருந்தது. உள்ளே மகள் ஏதோ சூத்திரத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அதைக் கேட்க மனசுக்கு இதமாக இருந்தது. பொழப்பு போகிற நேரத்தில் இதம் என்ன வேண்டியிருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். அவர் நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார்.

"சாவி போச்சு," என்று முடித்தார்.

"எங்கயும் போகாது. உங்களை விட்டா அவருக்கு மாடா உழைக்க யாரு இருக்கா?"

ஒரு 'ஐயோ' கூடச் சொல்லவில்லையே என்று அவருக்குச் சுருக்கென்றது. அதற்குள் போன் அடித்தது. லிஃப்ட்காரர்.

"சார், வேற ஒரு லிஃப்ட் குழிக்குள்ள இருந்தேன், சிக்னல் இல்லை. கூப்பிட்டிருந்தீங்களா?"

"யாரைக் கேட்டு நேத்தே கழட்டினீங்க?"

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? 'சார் முதல்ல லிஃப்டைக் கழட்டச் சொன்னார்'னு உங்க வீட்டம்மாதானே போன் பண்ணாங்க."

மேனேஜர் போனை மெல்லக் கீழே வைத்தார். மனைவி எழுந்து போய், மகளின் அறைக் கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு வந்தாள்.

"டீ ஆறுது, குடிங்க," என்றாள். "கடைசிப் பரீட்சைக்கு மறுநாள் விடிஞ்சதும் அண்ணன் கிரேனோட வந்து நிப்பாரு."