சாம்பல் தூவிய அறை

எஃப்ராயின் செத்து ஐந்தாம் நாள் விடிகிறது. நேற்று மாலையே, வீட்டுக்குள் திரியும் கினிப்பன்றிகள் தடம் பதித்துவிடாதபடி அவற்றைச் சமையல் குடிசையில் அடைத்துவிட்டு, எல்லோர் கட்டில்களும் கிடக்கும் வீட்டின் ஒரே அறையில் தரை முழுக்கச் சலித்த சாம்பலைத் தூவிக் கதவைச் சாத்தியாயிற்று. ஐந்தாம் இரவு செத்தவன் வந்து போவான். தன்னைக் கொன்றவன் படுக்கும் இடத்தைப் பார்த்துத் தடம் வைத்துவிட்டுப் போவான். இந்த மலையில் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. அண்ணனைக் கொன்றதாகப் பிடிபட்ட தம்பி வில்பர், சிக்குவானி நகரச் சிறையில் இருக்கிறான். அவனுக்கு வக்கீலைப் பிடிக்க வேண்டுமானால் காலைப் பஸ்ஸில் போக வேண்டும். தாய் மெல்ச்சோராவும், எஃப்ராயினின் மனைவி நாஸ்தாசியாவும் கதவின் முன்னால் நிற்கிறார்கள். இன்று ஆற்றில் அலசவேண்டிய செத்தவனின் துணிகள் முற்றத்தில் மூட்டையாகக் கிடக்கின்றன. மூட்டைமேல் பனி வெளுத்திருக்கிறது.

“தடம் வில்பர் கட்டிலப் பாத்து இருந்தா வக்கீல் வேணாம்னு நீங்கதான சொன்னீங்க, அத்தை?”

“சொன்னேன்.”

“அப்ப தொறங்க.”

கதவு முனகுகிறது. வெளிச்சம் உள்ளே விழுவதற்குள் மெல்ச்சோரா கண்களை இறுக மூடிக்கொண்டு மண்டியிடுகிறாள். இரண்டு கைகளாலும், பாவாடையாலும், சாம்பலை வாரி வாரிக் கலைத்துக்கொண்டே தவழ்கிறாள். சாம்பல் எழும்பி அவள் சடைகளில் படிகிறது.

“ஐயோ, என்ன பண்றீங்க!”

வளைவில் பஸ் ஹாரன் கேட்கிறது. மெல்ச்சோரா இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. நாஸ்தாசியாவின் பார்வை வில்பர் கட்டிலடியை விட்டு அசையவில்லை.

“நீ பாத்திருந்தாலும் எங்கிட்ட சொல்லாதடி. போய் பஸ்ஸ நிறுத்து.”