பதிவான குரல்

ரூபாவதியின் தாடை இரண்டு இடங்களில் உடைந்திருந்தது. தங்கை கலைமணி அவளை மருத்துவமனைக்கு அழைத்துப்போய், வாசலில் இருந்த திரையின் முன் நின்றாள்.

"தாடை ஆபரேஷன் பண்ற டாக்டர் வேணுங்க."

"காயம் எப்படி ஏற்பட்டது என்பதை நோயாளி தன் குரலில் சொல்லவும்," என்றது திரை.

"அக்காளால வாயைத் தொறக்க முடியாதுங்க. மாமா அடிச்சு ஒடச்சுட்டாருங்க."

"உங்கள் குரல் ஏற்கப்படவில்லை. நோயாளிக்குப் பதிவான காப்பாளர், கணவர் தண்டபாணி. அவர் குரல் மட்டுமே ஏற்கப்படும்."

ரூபாவதி நடந்ததைக் காகிதத்தில் எழுதிக் காட்டினாள். திரை எழுத்தை ஏற்கவில்லை. இரண்டு நாள் ஊரிலுள்ள மருத்துவமனைகளுக்கெல்லாம் அலைந்தார்கள். எங்கும் இதே பதில்தான். கன்னம் வீங்கிக் காய்ச்சல் ஏறியது. மூன்றாம் நாள், வேறு வழியில்லாமல் கலைமணி தண்டபாணிக்குப் போன் செய்தாள்.

சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான் அவன்.

"மாடிப்படியில வழுக்கி உழுந்துட்டாளுங்க," என்றான் திரையிடம்.

உடனே டாக்டர் கிடைத்தார்.

"காரணம் பதிவாகிவிட்டது," என்றது திரை. " நாளை காலை பத்து மணிக்கு அறுவை சிகிச்சை. பிறகு ஆறு வாரம் தாடை கம்பியால் கட்டப்பட்டிருக்கும். அதுவரை நோயாளிக்காகக் கணவர் பேசலாம். நோயாளிக்கு இப்போது வலி இருக்கிறதா?"

ரூபாவதி தங்கையின் கையை இறுகப் பிடித்தாள்.

"இல்லீங்க," என்றான் தண்டபாணி.