கோல் அடிக்காதவருக்குக் கோப்பை

புதுக்கோட்டைக்கும் இலுப்பூருக்கும் நடந்த ஹாக்கி இறுதிப் போட்டியின் மூன்று ஆட்டங்களும் முடிந்து, புதுக்கோட்டை ஜெயித்துவிட்டது. சிறந்த ஆட்டக்காரருக்குக் கோப்பை தருவதாகச் சொல்லியிருந்த மருந்துக்கடை அழகுமலை, வியாபார மும்முரத்தில் ஓர் ஆட்டமும் பார்க்கவில்லை. சாயங்காலத்துக்குள் அவர் ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும்.

"யோசிக்க என்ன இருக்கு முதலாளி? எல்லாக் கோலும் ஞானமணி அடிச்சது," என்றார் கணக்குப்பிள்ளை தங்கமுத்து.

தைலம் வாங்க வந்த இளைஞர் குறுக்கிட்டார். "அடிச்சது அவருதாங்க. பந்து அவருக்கு எப்படி வந்துச்சு? எல்லாம் குழந்தைசாமி பறிச்சுக் குடுத்தது."

மேஜைமேல் இருந்த இரண்டு பாட்டில்களை அவர் எதிரெதிரே வைத்தார். "இது இலுப்பூர் பார்வர்டு, பந்தோட வாரான். இது குழந்தைசாமி. இவரு பந்தைப் பாக்க மாட்டாரு, அவன் தோளைப் பாப்பாரு. தோள் எங்கிட்டுச் சாயுதோ அங்கிட்டு இவரு மட்டை முன்னாடியே போயிரும்."

"ஒரு கோலும் அடிக்காத ஆளுக்குக் கோப்பையா? ஒங்க மச்சானா அவரு?" என்று தங்கமுத்து சிரித்தார்.

"பேசினதுகூட இல்லீங்க."

"தோள் சாயுறதுகூடத் தெரிஞ்சிருக்கே, எங்க ஒக்காந்து பாத்தீங்க?" என்றார் அழகுமலை.

இளைஞர் வேட்டியைச் சற்றுத் தூக்கினார். முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"ஒக்காரவே விடலீங்க. அந்த இலுப்பூர் பார்வர்டு நான்தான்."

அழகுமலை கோப்பையில் குழந்தைசாமியின் பெயரை எழுதச் சொன்னார். பிறகு, எடுத்து வைத்திருந்த தைலத்தைப் பெரிய பாட்டிலாக மாற்றிக் கொடுத்தார்.