காக்கமேகா காட்டில் ஓர் ஆட்சிக் கவிழ்ப்பு

"இது அசல் இல்லை. போலி!"

ஹெஸ்பன் ஷிகாங்கா அதை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்து வெயிலில் தூக்கிக் காட்டினார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஒரு தரம், இறக்கி ஒரு தரம் பார்த்தார். வைர வியாபாரிகூட அத்தனை நேரம் எடுத்துக்கொள்ள மாட்டான்.

"அப்பா, சாப்பிட்டுட்டுப் பேசலாமே. உகாலிக் களி ஆறுது" என்றான் மகன் எலாம்.

"பள்ளிக்கூடத்தையே கட்டி மேய்ச்சவன்டா நான். என் நாக்கை ஏமாத்த முடியாது. இது கோழி இரைப்பையே இல்லை!"

காக்கமேகா காட்டோரத்து அத்திமரத்தில் குரங்குகள் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தன. மரத்தடி விரிப்பில் குடும்பமும் மெல்லுவதை நிறுத்தியது.

தலைமையாசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், மாதம் ஒரு குடும்ப உலா என்று ஷிகாங்கா சட்டம் போட்டிருந்தார். வேன் பிடிப்பது எலாம், வழியெல்லாம் பாடுவது எல்லோரும், சொற்பொழிவு மட்டும் அவர். பள்ளிக்கூட மணி போய்விட்டது. அவர் நுழைந்ததும் எழுந்து நிற்கும் பிள்ளைகளும் போய்விட்டார்கள். கையில் மிஞ்சிய ஒரே பதவி இரைப்பைதான். கோழி அடித்தால் அது குடும்பத் தலைவர் தட்டுக்குத்தான் வரும்; லுஹ்யா இனத்து வீடுகளில் அரசியல் சாசனம் தெரியாதவருக்கும் அது தெரியும்.

அன்று கோழி சமைத்தவள் மருமகள் நெக்கேசா. மாமியார் ரிஸ்பா காலையில் தேவாலயத்துப் பாட்டுப் பயிற்சிக்குப் போய், அங்கிருந்து நேராக வேனில் ஏறிக்கொண்டாள். அந்த வீட்டில் கோழி ரிஸ்பாவின் கையை விட்டுப் போனது அதுதான் முதல் தடவை.

மாமனார் முகத்தைப் பார்த்துப் பேசுவது மரியாதை இல்லை. அதனால் நெக்கேசா புருஷனின் முதுகைப் பார்த்துப் பேசினாள்.

"மாமாகிட்ட சொல்லுங்க. நானேதான் கோழியை அறுத்தேன். இரைப்பையைக் கீறி, உள்ள இருந்த கல்லு மண்ணெல்லாம் கொட்டி, மஞ்சத் தோலை உரிச்சு, நானேதான் கழுவினேன்."

"அப்பா, அவ என்ன சொல்றான்னா..."

"கேட்டுச்சு, கேட்டுச்சு. என் காது இன்னும் ஓய்வு பெறலை" என்றார் ஷிகாங்கா. "இரைப்பையோட அருமை உங்களுக்கெல்லாம் எங்க தெரியப்போகுது? எங்கப்பா சாப்பிடறப்ப அவர் தட்டுப் பக்கம் திரும்பினாலே முதுகு பழுத்துடும். விருந்துக்குப் போனா அது அந்தந்த வீட்டுக்காரனுக்கு. கல்யாணமாகி உங்கம்மா கையால பரிமாறினப்பதான் அதை முதமுதல்ல கண்ணாலயே பார்த்தேன். விரல் நுனி அளவு இருக்கும். பஞ்சு மாதிரி இறங்கும். இது என்னடான்னா செருப்புத் தோலு மாதிரி நறுக்கு நறுக்குங்குது!"

ரிஸ்பாவுக்கு டீ புரையேறியது. எலாம் அவள் தலையில் தட்டப் போனான். அவன் நகர்ந்ததில் அவன் தட்டு அப்பாவின் பார்வைக்கு வந்தது. குழம்புக்கு நடுவே சின்னதாக, மெத்தென்று ஒரு துண்டு.

"பிடிச்சுட்டேன்!" ஷிகாங்கா துள்ளினார். "அதோ அங்க இருக்கு என் இரைப்பை! மகனுக்கு முடிசூட்டு விழா, அப்பனுக்குச் செருப்புத் தோலா? அதுவும் நான் உயிரோட உக்காந்திருக்கறப்பவே!"

"ஐயோ அப்பா, இது என்னன்னே எனக்குத் தெரியாது. கரண்டியில வந்துச்சு, விழுந்துச்சு."

"எல்லா நாட்டுலயும் ஆட்சி அப்படித்தான்டா கவிழுது!"

வெளியே கர்ஜித்தாலும் உள்ளே அவருக்குக் கணக்கு ஓடியது. இன்றைக்கு இரைப்பை போனால் நாளைக்குச் சாய்வு நாற்காலி போகும். அதற்கு மறுநாள் ரேடியோவைத் திருகும் உரிமையும் போய்விடும். இரண்டு கைகளையும் ஊன்றி, முழங்கால்கள் முனகக் கம்பீரமாக எழுந்தார்.

"இந்த வீட்டுக்குத் தலைவன் யாருன்னு பேசி முடிவு பண்ணுங்க. நான் நடந்தே ஊர் போய்ச் சேர்றேன்."

நாலடி வைத்துவிட்டு, யாராவது தடுக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். எலாம் சிரிப்பை அடக்க உகாலியை வாய் நிறைய அடைத்துக்கொண்டிருந்தான். செருப்பை மறந்தவர்போல ஷிகாங்கா திரும்பி வந்து உட்கார்ந்தார்.

ஆனால் நெக்கேசாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தலைத்துணியின் முனையால் கண்ணைத் துடைத்தாள். "மாமனார் பங்கை ஒளிச்சு வெச்சுப் புருஷனுக்குப் போட்டவள்னு ஊர் பேசும். அந்தப் பேரோட நான் எப்படி இங்க இருப்பேன்? எங்கம்மா வீட்டுக்கே போயிடறேன்."

எலாமின் வாயில் இருந்த உகாலி அப்படியே நின்றது.

ரிஸ்பா டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். நகர்ந்து வந்து, கணவர் தட்டில் அவர் ஒதுக்கித் தள்ளிய துண்டை எடுத்து லபக்கென்று வாயில் போட்டுக்கொண்டாள். நறுக், நறுக் என்று கண்ணை மூடி மென்றாள்.

"ஏய்! பொம்பளைங்க இரைப்பை தின்னக் கூடாது!" என்று அலறினார் ஷிகாங்கா.

"இது இரைப்பையே இல்லைன்னு நீங்கதானே தீர்ப்புச் சொன்னீங்க?"

ஷிகாங்கா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஒரு தரம், இறக்கி ஒரு தரம், துண்டு போன தட்டைப் பார்த்தார்.

ரிஸ்பா விரலைச் சப்பிவிட்டு மருமகளிடம் திரும்பினாள். "அழாதேடி, உன் மேல தப்பே இல்லை. உன் புருஷன் தட்டுல இருக்கிற கோழி இதயத்தை எடுத்து மாமாவுக்குப் போடு. கல்யாணமான நாள்லேர்ந்து அதைத்தான் இரைப்பைன்னு தின்னுக்கிட்டிருக்காரு!"