ஏழாம் எண் பைக்

“ஹெல்மெட் கண்ணாடியைக் கொஞ்சம் மேல தூக்கிவிட்டு, உள்ள முகம் தெரியுத மாதிரி வரைஞ்சு குடு தாயி. அவ்வளவுதான் கேக்கேன்.”

குற்றாலத்தில் ஓட்டல் வைத்திருக்கும் பால்வண்ணநாதன், தன் ஓட்டல் சுவருக்காக வரையச் சொன்ன ஓவியத்துக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆறடி அகலப் படத்தில் செம்மண் தடம். கடைசி வளைவில், முழங்கால் தரையை உரச, எல்லோரையும் முந்திக்கொண்டு வருகிறது ஏழாம் எண் பைக். போன மாதப் பந்தயத்தில் அவர் மகன் சுடலைராஜ் கோப்பை வாங்கிய பைக்.

“மாட்டேன் அண்ணாச்சி” என்றாள் நிலோபர்.

“உங்க மார்க்கத்துல முகம் வரையக் கூடாதும்பாவளே, அதுக்கா யோசிக்கே?”

“அது எங்க வாப்பா போட்ட சட்டம். அதனாலதான் சின்ன வயசுலயே ஹெல்மெட் போட்டவங்களாத் தேடிப் போய் வரைஞ்சேன். இப்ப மாட்டேங்கது என் இஷ்டம்.”

“ஒனக்கு வீம்பு ஜாஸ்தி! சீசன் ஆரம்பிச்சாச்சு. தெனம் எத்தன பேரு வந்துபோற எடம். எம் மவன் முகம் இல்லாத படம் அங்கன ஏறாது, பாத்துக்கோ.”

பதினைந்து வருடங்களாகத் தென்காசியில் அவள் ‘பைக் படம் போடுத பொம்பள’. கேலியாகச் சொல்லத்தான் அந்தப் பெயர். இப்படி ஒரு சுவர் இனிக் கிடைக்காது. பணிந்துபோகத் தனக்குள்ளும் ஓர் ஆசை இருப்பதைக் கண்டபோது, அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

படத்தில் இருந்த ஹெல்மெட் கண்ணாடியை விரலால் ஒருமுறை தொட்டாள்.

“சரி. முகம் போடுதேன். ஆனா, திறக்குத அன்னைக்கு வரைக்கும் யாரும் பாக்கக் கூடாது.”

“அப்படி வா வழிக்கு!” என்று சிரித்தபடி எழுந்தார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஓட்டலில் சொந்தபந்தம் நிறைந்திருந்தது. சுடலைராஜ் புதுச் சட்டையில் எல்லோரிடமும் கை குலுக்கிக்கொண்டிருந்தான். பால்வண்ணநாதன் சுவரில் படத்தை மூடியிருந்த துணியை இழுத்தார்.

எழுந்த கைதட்டல் பாதியில் நின்றது.

“ஏம்மா… யாரு இது?”

“எந் தம்பி ஆதம், அண்ணாச்சி. நேத்து வேலையை விடுத வரைக்கும் உங்க மகனோட மெக்கானிக்” என்றாள் நிலோபர். “அன்னைக்கு அவரு ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு ரேஸ் ஓட்டுனது இவன்தான். ஷெட்டுக்குப் பின்னால கழத்திக் குடுத்ததை நானே பாத்தேன். நம்பலைன்னா அவருகிட்டயே கேளுங்க.”

பால்வண்ணநாதன் திரும்பினார். சுடலைராஜ் அதற்குள் வாசல்படி இறங்கிக்கொண்டிருந்தான்.