லிங்கேஜில் ஆட்டம்

கிளிப் மறுபடியும் நழுவி என்ஜினுக்கடியில் எங்கோ விழுந்தது.

இது மூன்றாவது.

பல்லில் கடித்திருந்த டார்ச்சை அவள் துப்பினாள்.

ஞாயிறு காலை கோத்தகிரிக்குப் பழைய கார்களின் ஊர்வலம். இன்று வெள்ளி.

அதில் ஓட வேண்டிய இந்த வண்டிக்கு மூன்று கார்புரேட்டர். மூன்றையும் லிங்கேஜ் என்கிற ஒரே தண்டு ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். அறுபது வருடத் தேய்மானத்தில் ஒன்று திறந்த பிறகு அடுத்தது யோசித்துத் திறந்தது. தண்டு சுழலும் புஷ் வளையங்களைக் கணபதிப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் கொடுத்துப் புதிதாகக் கடைந்து வாங்கினாள். மூட்டுகளை மாற்றினாள். நான்கு நாள் வேலை. விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது.

இருபது வருடமாக இப்படித்தான். பழுது பார்ப்பது அவள். ஓட்டுவது கணவர். ஸ்டீயரிங்கை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. அவளுக்கும்.

“மிதிங்க. அப்படியே புடிச்சிருங்க.”

ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒரு கார்புரேட்டரின் வாயில் பிடித்தாள். சீறல் ஏறியது. இறங்கியது. ஏறியது.

“ஒரே மாதிரி மிதிங்கன்னு எத்தன தடவைங்க சொல்றது!”

“ஒரே மாதிரிதான் வசந்தா மிதிக்கறேன்.”

தூக்கியிருந்த பானட்டுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

ஸ்பேனரை எறிந்தாள். அது செம்பருத்தித் தொட்டியில் பட்டுத் தெறித்தது.

அவளே போய் எடுத்து வந்தாள்.

மூன்றையும் மாற்றி மாற்றிக் கேட்டாள். மூன்றும் சேர்ந்தே ஏறின. சேர்ந்தே இறங்கின.

அப்படியானால் தண்டு சரி.

“கால எடுத்துருங்க.”

தண்டைத் தன் கையால் திருப்பிப் பிடித்தாள். என்ஜின் ஒரே சுருதியில் ஓடியது.

மிச்சம் பெடல்தான். அதன் கீல் தேய்ந்திருக்கும்.

“இப்ப மிதிங்க” என்று சொல்லிவிட்டுச் சுற்றி வந்தாள். திறந்திருந்த கதவருகே மண்டியிட்டு, கீழே டார்ச் அடித்தாள்.

கீலில் ஆட்டம் இல்லை.

அவருடைய பாதம் நடுங்கிக்கொண்டிருந்தது. முழங்காலை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்திருந்தார். அப்போதும் நடுங்கியது. கண்கள் எதிரே தூக்கியிருந்த பானட்டையே பார்த்தன.

டார்ச்சை அணைத்தாள்.



“கீல் தேஞ்சிருச்சுங்க” என்றாள். “ஞாயித்துக்கெழமைக்குள்ள புதுசு கெடைக்காது. மலையில நான் ஓட்டிக்கறேன். இந்த ஆட்டம் எனக்குத்தான் புடிபடும்.”

என்ஜின் ஏறியது. இறங்கியது.

பிறகு அவர் காலை எடுத்தார்.

கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். வண்டியைச் சுற்றி மெல்ல நடந்து போய், இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்தார். கைகளை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

அவள் மண்டியிட்ட இடத்திலேயே இருந்தாள்.

“வளைவுக்கு முன்னாலயே செகண்ட் கியருக்கு வந்துரு” என்றார், அவளைப் பார்க்காமல்.